மண்ணெண்ணெயில் ஓடிய இளமை: யாழ்ப்பாணத்தின் ரூ ஸ்ரோக் மோட்டார் சைக்கிள்கள்

ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் யாருடைய மோட்டார் சைக்கிள் வருகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஹொண்டா 50, ஹொண்டா 90 என்றால் அடக்கமான ஒரு முணுமுணுப்பு. தபாற்காரரும் தலைமை ஆசிரியரும் வருகிறார்கள் என்று அர்த்தம். சுசூகி, யமஹா என்றால் வேறு. தூரத்தில் தகரத்தைக் கிழிப்பது போல ஒரு இரைச்சல் கேட்கும். அது ஏறிக்கொண்டே போய், சந்தியில் ஒரு நொடி தணிந்து, மறுபடி ஏறும். கொஞ்சம் கழித்து ஒயில் எரிந்த மணம் ஒழுங்கைக்குள் வரும். "வாறான்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

அந்தச் சத்தம் ரூ ஸ்ரோக் எஞ்சினின் சத்தம். இன்று வடக்கில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே நாலு ஸ்ரோக். இப்போதைய பிள்ளைகளுக்கு ரூ ஸ்ரோக் என்பது முகநூலில் வரும் ஒரு வீடியோ. ஆனால் 1980களிலும் 90களிலும் இருபது வயதைக் கடந்த எங்களுக்கு அது ஓர் இயந்திரம் மட்டுமல்ல. அந்த எஞ்சின் எப்படி வேலை செய்தது, ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது, பெற்றோல் இல்லாத ஊரில் எப்படி உயிரோடு இருந்தது என்று விளக்கப் போனால், நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அசைகின்ற பாகங்கள் மூன்று

நாலு ஸ்ரோக் எஞ்சினில் பிஸ்ரன் நாலு தடவை அசைந்தால்தான் ஒரு தடவை எரிபொருள் வெடித்துச் சக்தி கிடைக்கும். உள்ளே இழுப்பது, அமுக்குவது, வெடிப்பது, புகையை வெளியே தள்ளுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அசைவு. இதை ஒழுங்குபடுத்த வால்வுகள், அவற்றைத் திறக்கும் கேம், அதைச் சுழற்றும் செயின் எல்லாம் தேவை.

ரூ ஸ்ரோக்கில் இந்த நாலு வேலையும் இரண்டு அசைவில் முடிந்துவிடும். பிஸ்ரன் மேலே போகும்போது மேற்பக்கத்தில் கலவையை அமுக்குகிறது. அதே நேரம் கீழ்ப்பக்கத்தில் புதிய கலவையை உள்ளே இழுக்கிறது. வெடித்து அது கீழே வரும்போது சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள் திறக்கின்றன. ஒன்றால் புகை வெளியே போகிறது, மற்றதால் கீழே காத்திருந்த புதிய கலவை மேலே வருகிறது. கிராங் ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் ஒரு வெடிப்பு. பிஸ்ரன், கொனெக்ரிங் ரொட், கிராங் சாப்ற் என்று முக்கியமாக அசைகின்ற பாகங்கள் மூன்றுதான்.

ஒரே அளவு எஞ்சினில் இரண்டு மடங்கு வெடிப்பு என்றால், இரண்டு மடங்கு இல்லாவிட்டாலும் நாலு ஸ்ரோக்கை விட நிறையச் சக்தி கிடைக்கும். எஞ்சினின் பாரமும் குறைவு. இந்தியாவில் 1985 இல் வெளிவந்த யமஹா ஆர்எக்ஸ் 100 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 98 சிசி எஞ்சின், 11 குதிரைவலு, மொத்த எடை ஏறக்குறைய 103 கிலோ. பொன்னி அரிசி மூடை இரண்டின் பாரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் ஒரு ஒல்லிப் பொடியன் ஏறி அக்சிலேற்றரை முறுக்கினால் முன்சில்லு நிலத்தில் நிற்காது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. நாலு ஸ்ரோக்கில் ஒயில் எஞ்சினின் அடியில் தனியாக இருந்து திரும்பத் திரும்பப் பயன்படும். ரூ ஸ்ரோக்கில் எரிபொருளோடு ஒயிலும் சேர்ந்து எரிகிறது. பழைய எஞ்சின்களுக்குப் பெற்றோல் ராங்கிலேயே ஒயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பிறகு யமஹாவும் சுசூகியும் தனி ஒயில் ராங்கும் பம்பும் வைத்தார்கள். எப்படி இருந்தாலும் ஒயில் எரியத்தான் வேண்டும். ஒழுங்கைக்குள் வந்த அந்த மணமும் நீலப் புகையும் அதனால்தான்.

கிழக்கு ஜேர்மனியில் இருந்து வந்த வித்தை

என்னுடைய சித்தப்பாவிடம் இருந்தது சுசூகி ஏ 100. அதில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற மோட்டார் சைக்கிள்களில் காபரேற்றர் சிலிண்டருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். ஏ 100 இல் அது எஞ்சினின் வலப்பக்க மூடிக்குள் ஒளிந்திருக்கும். காபரேற்றருக்கும் கிராங்குக்கும் இடையில் மெல்லிய ஒரு தட்டு சுழலும். அந்தத் தட்டில் ஒரு பக்கம் வெட்டப்பட்டிருக்கும். வெட்டு வரும் நேரம் மட்டும் கலவை உள்ளே போகும். இதைச் சுழல்தட்டு வால்வு என்பார்கள்.

அந்தத் தட்டின் கதை கிழக்கு ஜேர்மனியில் போய் நிற்கிறது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் பக்கம் போன ஜேர்மனியில், சொப்பாவ் என்ற ஊரில், எம்சற் என்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. அங்கே பந்தயப் பிரிவை நடத்தியவர் வால்டர் காடன் என்ற பொறியியலாளர். நல்ல உலோகமும் பணமும் தட்டுப்பாடான இடத்தில் இருந்துகொண்டு அவர் ரூ ஸ்ரோக் எஞ்சினை ஆராய்ந்தார். சுழல்தட்டு வால்வைத் திறமையாகப் பயன்படுத்தினார். அதைவிட முக்கியமானது, சைலன்சர் பற்றி அவர் கண்ட உண்மை.

ரூ ஸ்ரோக்கின் பெரிய குறை, புகை வெளியேறும்போது அதோடு சேர்ந்து எரியாத புதிய கலவையும் ஓடிவிடுவது. சைலன்சர் குழாயை நடுவில் அகலமாகவும் கடைசியில் ஒடுக்கமாகவும் சரியான அளவில் செய்தால், புகையோடு போகும் அழுத்த அலை ஒடுக்கத்தில் மோதித் திரும்பி வரும். வருகிற அலை, ஓடப் பார்க்கும் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். கதவில்லாத வீட்டுக்குக் காற்றாலேயே ஒரு கதவு போட்டது போன்ற வேலை இது. 1961 அளவில் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைவலு தந்தது. அந்தக் காலத்தில் யாரும் தொடாத அளவு அது.

1961 ஓகஸ்டில் பேர்லின் மதில் எழுந்தது. அடுத்த மாதம் சுவீடனில் நடந்த பந்தயத்தோடு, எம்சற் அணியின் முதன்மை ஓட்டுநர் ஏர்ன்ஸ்ற் டெக்னர் திரும்பிப் போகாமல் மேற்குக்குத் தப்பினார். மனைவியும் பிள்ளைகளும் காருக்குள் ஒளித்துக் கொண்டுவரப்பட்டார்கள். அவர் அந்த எஞ்சினின் இரகசியங்களோடு சுசூகியிடம் போனார். 1962 இல் சுசூகியின் 50 சிசி மோட்டார் சைக்கிளில் உலகச் சம்பியனும் ஆனார். காடன் ஊரை விட்டுப் போகவில்லை. 1996 இல் இறக்கும் வரை உலகம் அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவுமில்லை.

எல்லை கடந்தவனும் ஊரோடு நின்றவனும் என்ற இந்தக் கதை எங்கள் வாசகர்களுக்குப் புதிதல்ல. தட்டுப்பாட்டில் பிறந்த அந்த எஞ்சின், இன்னொரு தட்டுப்பாட்டு ஊரில் வந்து எங்கள் கையில் சேர்ந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

மூன்று மாதத்து வேகம்

எங்கள் வயதுக்காரர்கள் "நாங்கள் பறந்த காலம்" என்று பேசுவதைக் கேட்டால் அது பல வருடம் நீடித்தது போல இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை.

1987 ஒக்ரோபரில் இந்திய அமைதிப்படையுடன் சண்டை தொடங்கிய பிறகு, இளம் பொடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போவது உயிரோடு விளையாடுவது. சந்திக்குச் சந்தி சென்றி. சித்தப்பாவின் சுசூகி மாட்டுக்கொட்டிலில் வைக்கோலுக்குள் நின்றது. அமைதிப்படையின் கடைசித் தொகுதி 1990 மார்ச் 24 இல் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. ஜூன் இரண்டாம் வாரத்தில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் மறுபடி போர் மூண்டது. இடையில் இருந்தது மூன்று மாதம்கூட இல்லை. அந்தக் கொஞ்சக் காலத்தில்தான் வீதியும் திறந்திருந்தது, பெற்றோலும் கிடைத்தது, எங்களுக்கும் இருபது வயது.

நாங்கள் ஐந்து பேர், மூன்று மோட்டார் சைக்கிள்கள். நீர்வேலியிலிருந்து பருத்தித்துறை வீதியில் சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் தாண்டினால் வல்லைவெளி வரும். ஒரு பக்கமும் வீடில்லை, மரமில்லை. தொண்டைமானாறு நீரேரியின் மேலால் வரும் காற்று ஆளைச் சரித்துவிடும். ஊருக்குள் கோழிக்கும் ஆட்டுக்கும் பயந்து ஓடியவர்கள் அங்கேதான் முழுதாக முறுக்கினோம்.

நாலு ஸ்ரோக்கில் வேகம் படிப்படியாக ஏறும். ரூ ஸ்ரோக் அப்படி இல்லை. ஒரு அளவு வரை "என்னால் ஏலாது" என்பது போல இழுபடும். பிறகு திடீரென்று எஞ்சினின் குரல் மாறும். பின்னால் யாரோ பிடித்துத் தள்ளியது போல மோட்டார் சைக்கிள் பாயும். நான் மேலே சொன்ன அழுத்த அலை சரியான நேரத்துக்குத் திரும்பி வந்து சேரும் இடம் அது. ஆர்எக்ஸ் வகைகளில் அந்தப் பாய்ச்சல் நன்றாகத் தெரியும். எங்கள் சுசூகியில் கொஞ்சம் மென்மை. காடனின் பெயர் தெரியாது, அலையின் கணக்குத் தெரியாது. அந்தக் குரல் மாறுவதற்காகவே ஓடினோம்.

அதே எஞ்சின் ஒரு விடயத்தில் ஆபத்தானது. நாலு ஸ்ரோக்கில் அக்சிலேற்றரை விட்டவுடன் எஞ்சினே வேகத்தைப் பிடித்து இழுக்கும். ரூ ஸ்ரோக்கில் அந்தப் பிடி மிகக் குறைவு. விட்டாலும் அது உருண்டுகொண்டே போகும். நிறுத்துவதற்கு இருந்ததோ சின்ன ட்ரம் பிறேக். மழைத்தண்ணி பட்டால் அதுவும் பிடிக்காது. தலைக்கவசம் போட்டவனை நாங்கள் பகிடி பண்ணிய காலம்.

சத்தம் கூட்டுவதற்காகச் சைலன்சரின் உள்குழாயைக் கழற்றிவிட்டு ஓடுவது அப்போதைய நாகரிகம். நீர்வேலியில் எங்களுக்கு மோட்டார் சைக்கிள் திருத்திய கராஜ் அண்ணை அதற்குச் சம்மதிக்கவே மாட்டார்.

"எட தம்பி, உது சத்தம்தான். ஓட்டம் இல்லை. உள்குழாயைக் கழட்டினா இழுவை போயிடும். உன்ரை மோட்டச்சயிக்கிள் கத்தும், பக்கத்திலை சும்மா போறவன் உன்னை விட்டிட்டுப் போவான்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. திரும்பி வரவேண்டிய அலை திரும்பாவிட்டால் கலவை வீணாக வெளியே போகும். அவர் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

மண்ணெண்ணெய்க் காலம்

ஜூனில் போர் தொடங்கியதும் குடாநாட்டுக்கான பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. மின்சாரமும் போனது. மண்ணெண்ணெய் மட்டும் கட்டுப்பாட்டோடு வந்தது. சில மாதங்களில் யாழ்ப்பாணத்தின் வாகனங்கள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், லொறி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே மணம் வந்தது. இதைக் கேட்கும் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். அதனால் எப்படி என்று கொஞ்சம் விளக்குகிறேன்.

பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே மண்ணெண்ணெயில் எஞ்சினை உதைத்தால் ஸ்ராட் வராது. சூடான பிறகு ஓடும். முதல் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் பெற்றோல் வேண்டும். சிலர் மூக்கு நீண்ட பிளாஸ்ரிக் போத்தலில் பெற்றோல் வைத்துக் காற்றுப் போகும் வழியில் பீச்சினார்கள். எங்கள் சுசூகியில் காபரேற்றர் மூடிக்குள் இருந்ததால் அது வசதிப்படவில்லை. கராஜ் அண்ணை சிறிய மருந்துப் போத்தல் ஒன்றைக் கட்டி, ஆஸ்பத்திரியில் கழித்த சேலைன் ரியூபால் காபரேற்றருக்கு ஒரு தனி வழி எடுத்துத் தந்தார். போத்தலைத் திறந்து ஸ்ராட் பண்ணி, சூடு ஏறியதும் அதைப் பூட்டி மண்ணெண்ணெயைத் திறக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் தட்டல். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காது. தானாகவே வெடிக்கப் பார்க்கும். எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கும். பிஸ்ரனை ஓட்டையாக்கிவிடும். இதற்கு அண்ணை சிலிண்டர் தலைக்குக் கீழே ஒரு காஸ்கெற்றுக்குப் பதில் இரண்டு போட்டார். உள்ளே இடம் கூடினால் அமுக்கம் குறையும், தட்டல் தணியும். கூடவே சக்தியும் குறையும்.

இந்த இடத்தில் ரூ ஸ்ரோக்குக்கு ஒரு நன்மையும் ஒரு தீமையும் இருந்தன. நாலு ஸ்ரோக்கில் எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி அடியில் இருக்கும் ஒயிலில் கலந்து அதைத் தண்ணீராக்கிவிடும். ரூ ஸ்ரோக்கில் அடியில் ஒயிலே இல்லை, ஆகவே கெடுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கலவை கிராங் வழியாகவே போவதால், மண்ணெண்ணெய் பெயாரிங்கில் இருக்கும் ஒயிலைக் கழுவிவிடும். அதனால் ஒயிலைக் கூட்டிக் கலக்க வேண்டும். ரூ ஸ்ரோக்குக்கான ஒயில் கிடைக்காது. சாதாரண எஞ்சின் ஒயில்தான், அதுவும் சில நேரம் இன்னொரு வாகனத்தில் இருந்து வடித்தது.

இவ்வளவும் எரிந்தால் கரி பிடிக்காமல் என்ன செய்யும்? ஐந்தாறு மைலுக்கு ஒரு தடவை பிளக்கைக் கழற்றிப் பழைய பிளேட்டால் சுரண்ட வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை சைலன்சர் அடைத்துவிடும். அதைக் கழற்றி, முற்றத்தில் பொச்சுமட்டையும் ஊமலும் போட்டு மூட்டிய நெருப்பில் வைத்துச் சுட வேண்டும். கரி எரிந்து பொருக்கு உதிரும். அம்மா அந்த நெருப்பிலேயே மரவள்ளிக்கிழங்கு சுட்டுத் தந்திருக்கிறார். கிழங்கில் ஒயில் மணம் அடித்தாலும் தின்றோம்.

வல்லைவெளியில் குரல் மாறிப் பாய்ந்த அந்த சுசூகி, மண்ணெண்ணெயில் முப்பது மைல் வேகத்தைத் தாண்டவே முக்கியது. ஆனால் அதன் உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கியது.

பகலில் ஹெலி வரும். ரூ ஸ்ரோக்கின் இரைச்சலில் ஓடுகிறவனுக்கு ஹெலியின் சத்தம் கேட்காது. வீதியோரம் நிற்கிறவர்கள் கையைக் காட்டிக் கத்துவார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் மரத்துக்குக் கீழே ஒதுங்கினோம். முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அப்படி எங்களைக் காப்பாற்றினார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு போத்தல் பெற்றோல் கிணற்றடி மண்ணுக்குள் புதைத்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் தொட யாருக்கும் உரிமையில்லை. "அது ஆஸ்பத்திரிக்கு" என்பார் அம்மா. 1992 இல் ஓர் இரவு பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்தபோது அதைத் தோண்டி எடுத்தோம். நான் முன்னால், அக்கா நடுவில், அவரைப் பிடித்தபடி அவருடைய தாய் பின்னால். வெளிச்சம் போட முடியாது. வீதியின் வெள்ளை மணல் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு என்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வரை போனோம். சுத்தமான பெற்றோல் பட்டதும் அந்த எஞ்சின் பழைய குரலில் பேசியது. அன்று நான் முறுக்கவில்லை. அந்த இரவு பிறந்த பிள்ளைக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது.

நடை வேகத்தில்

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வெளியேறியது. நாவற்குழிப் பக்கமும் கோப்பாய் கைதடிப் பக்கமும் வீதி தெரியாதபடி சனம். மழை. அந்த நெரிசலில் எஞ்சினுக்கு வேலை இல்லை. சீற்றில் அரிசி மூடை, பின்னால் சாமிப்படமும் உடுப்புப் பெட்டியும், ராங்கின் மேல் தங்கச்சியின் மூன்று வயதுப் பிள்ளை. ஒரு பக்கம் நான் பிடிக்க மறு பக்கம் அப்பா பிடிக்க, தென்மராட்சி வரை உருட்டிக்கொண்டு போனோம். பெற்றோலில் கால் மணித்தியாலத்தில் போகும் தூரம் அடுத்த நாள் மத்தியானம் வரை எடுத்தது. அந்த வரிசையில் எத்தனையோ நூறு மோட்டார் சைக்கிள்கள் அப்படியே உருண்டன. ஒன்றும் சத்தம் போடவில்லை.

1996 இல் ஊருக்குத் திரும்பியபோது குடாநாடு இராணுவத்தின் கையில் இருந்தது. பிறகு பெற்றோல் கிடைத்தது. ஆனால் சென்றிக்குச் சென்றி இறங்கி, எஞ்சினை நிறுத்தி, அடையாள அட்டையைக் காட்டி, காவலரண் முடியும் வரை உருட்ட வேண்டும். நூறு யாருக்கு ஓடி, நூறு யாருக்கு உருட்டி வேலைக்குப் போன வருடங்கள் அவை. எங்களுக்கு மோட்டார் சைக்கிளில் வேகம் குறைவாக இருந்ததே இல்லை. வீதிதான் கிடைக்கவில்லை.

எங்களோடு வல்லைவெளியில் ஓடிய ஐந்து பேரில் ஒருவன் 1991 இல் விமானக் குண்டுவீச்சில் செத்தான். ஒருவன் இயக்கத்துக்குப் போனான், திரும்பவில்லை. ஒருவன் ரொறன்ரோவில் இருக்கிறான். ஒருவனைப் பற்றி 1996 ஜூலைக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுடைய தாய் இன்னமும் படத்தை வைத்துக்கொண்டு காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களோடு வீதியில் இருக்கிறார். ஐந்தாவது ஆள் இதை எழுதுகிறேன்.

சித்தப்பாவின் சுசூகி 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு ஒரு தடவை முழுதாகப் பழுது பார்க்கப்பட்டது. இரண்டாவது காஸ்கெற்றைக் கழற்றி, சேலைன் ரியூபை அறுத்து எறிந்தோம். மண்ணெண்ணெய் தின்ற கிராங் அதிக காலம் தாங்கவில்லை. பாகங்கள் கிடைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் மூன்று சுசூகிகளுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

புகைக்கு வந்த முடிவு

ரூ ஸ்ரோக் வீதியிலிருந்து மறைந்ததற்குப் போர் காரணமில்லை. உலகம் முழுவதும் அது மறைந்தது. சாதாரண காபரேற்றர் வைத்த ரூ ஸ்ரோக்கில், உள்ளே போகும் எரிபொருளில் கால் பங்குக்கு மேலேகூட எரியாமல் வெளியே போய்விடும். காடனின் அலை அதைத் தடுப்பது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும்தான். சந்தியில் நின்று புகைவிடும்போது அந்த அலை உதவாது. கூடவே எரிந்த ஒயில். சுவாசிக்கிறவனுக்கு அது நஞ்சு.

இந்தியாவில் ஆர்எக்ஸ் 100 இன் உற்பத்தி 1996 இல் நின்றது. உலகப் பந்தயங்களில் 2002 இல் பெரிய வகுப்புக்கு நாலு ஸ்ரோக் வந்தது. 2011 உடன் 125 சிசி வகுப்பிலும் ரூ ஸ்ரோக் முடிந்தது. இலங்கையிலும் 2000களின் இறுதியில் ரூ ஸ்ரோக் முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது, புகைப் பரிசோதனை வந்தது. இது நல்ல முடிவு. அந்த மணம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றும் இருபது வயது வந்துவிடும் என்பதற்காகப் பிள்ளைகளின் சுவாசப்பையை நிரப்ப முடியாது.

இப்போது ஓடுகிறவர்களுக்கு

2009 க்குப் பிறகு வடக்கில் லீசிங்கில் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. வீதிகளும் கார்ப்பெற் ஆகின. இரண்டும் ஒன்றாகக் கிடைத்த முதல் தலைமுறை இப்போது ஓடுகிறது. அவர்கள் வேகமாகப் போவதைப் பார்த்துப் பெரியவர்கள் திட்டுகிறார்கள். திட்டுகிறவர்களில் பாதிப் பேர் வல்லைவெளியில் ஓடியவர்கள். எனக்கு அந்தப் பிள்ளைகளின் ஆசை விளங்குகிறது. அதனால்தான் தலைக்கவசத்தைப் பற்றியும் பிறேக்கைப் பற்றியும் அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். குண்டிலும் ஷெல்லிலும் இருந்து பிள்ளையைக் காப்பாற்றி எடுத்த தாய், அவனைத் தார் வீதியில் இழப்பதை எந்தச் செத்தவீட்டிலும் என்னால் பார்க்க முடிவதில்லை.

சில பொடியள் பழைய ஆர்எக்ஸ், சுசூகிகளைத் தேடி எடுத்துத் திருத்துகிறார்கள். நல்ல வேலை. அவர்களுக்குச் சில குறிப்புகள். ரூ ஸ்ரோக்குக்கான ஒயிலை மட்டும் பாவியுங்கள். ஒயில் பம்பு வேலை செய்கிறதா என்று பார்க்காமல் தூர ஓடாதீர்கள். ஒயில் நின்றால் பிஸ்ரன் இறுகிப் பின்சில்லு பூட்டிக்கொள்ளும். உள்குழாயைக் கழற்றாதீர்கள், கராஜ் அண்ணை சொன்ன காரணம் இன்றும் அப்படியே இருக்கிறது. பிறேக்கை முதலில் திருத்துங்கள், எஞ்சினைப் பிறகு.

இன்னொரு வேலையும் இருக்கிறது. புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் பக்கம் போர் முடிந்த பிறகு துருப்பிடித்த மோட்டார் சைக்கிள்கள் மலை போலக் குவிந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கடைசி வரை உருட்டிக்கொண்டு வந்து, இனி முடியாது என்று விட்டுப்போனது. எங்கள் வீடுகளில் காணிக்கு உறுதி இருக்கிறது, பிறப்புக்குப் பதிவு இருக்கிறது. அந்த மோட்டார் சைக்கிள்களின் கதைக்கு ஒரு பதிவும் இல்லை. உங்கள் அப்பாவிடம், மாமாவிடம், பெரியம்மாவிடம் கேளுங்கள். வீட்டில் என்ன மோட்டார் சைக்கிள் இருந்தது, எதில் ஓடியது, யாரை ஏற்றியது, எந்த இடத்தில் விட்டார்கள் என்று. இலக்கத்தகட்டின் எண் நினைவிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். இதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.